முதலாளி என் வலைப்பூவின் பாஸ்வேர்டைக் கேட்கலாமா?

திருவொற்றியூரிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 34. மண்ணடியில் ஒரு கிளியரிங் ஆபீஸில், அதாவது சுங்கத் தரகர் நிறுவனத்தில், ஏழு வருடமாக வேலை. சுங்கத்துறைத் தேர்வில் தேறி ஜி கார்டு என்ற அடையாள அட்டை வாங்கியவர். பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான படிவம்), ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கான படிவம்) போடுவதும், அதிகாரிகள் எழுப்பும் கேள்விகளுக்குப் பதில் தயாரிப்பதும் அவர் பொறுப்பு.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வலைப்பூ தொடங்கியிருக்கிறார். சின்ன அளவில் ஏற்றுமதி, இறக்குமதியில் இறங்குகிறவர்களுக்கு எளிய தமிழில் விளக்கம்: எச்.எஸ். கோடு (சரக்கின் வகையைக் குறிக்கும் எண்) என்றால் என்ன, டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏன் ஏறுகிறது, எந்தப் பேப்பரை எப்போது கொடுக்க வேண்டும். பெரும்பாலும் காலை மெட்ரோவில் திருவொற்றியூரில் ஏறி மண்ணடியில் இறங்குவதற்குள் ஃபோனிலேயே தட்டியவை. பக்கத்தின் தலையில் சொந்தப் பெயர், படம், அதன் கீழே ஜி கார்டு, கம்பெனி பெயர். கடைசியில் "இங்குள்ளவை என் சொந்தக் கருத்துகள்" என்று ஒரு வரி. ஆபீஸில் எல்லோரும் பயன்படுத்தும் ஒரு செக்லிஸ்ட்டையும் அதில் ஏற்றியிருக்கிறார். அவரே தயாரித்ததுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து.

போன மாதம் ஒரு பெரிய பார்ட்டி (வாடிக்கையாளர்) முதலாளிக்கு ஃபோன் செய்துவிட்டார். பொம்மை கன்டெய்னர் ஒன்று மணலிப் பக்கத்து சிஎஃப்எஸ்ஸில் (கன்டெய்னர் கிடங்கில்) மாட்டிக்கொண்ட கதையை இவர் எழுதியிருந்தார். பெயர் போடவில்லை. ஆனால் சரக்கின் மதிப்பு, போட்ட எச்.எஸ். கோடு, அட்டைப்பெட்டிகளின் எண்ணிக்கை எல்லாம் இருந்தன. முதலாளி கூப்பிட்டு, "இங்கே கத்துக்கிட்டதைத்தானே எழுதுறே, அப்போ அது கம்பெனியோடது. பாஸ்வேர்டைக் கொடு, இல்லேன்னா எல்லாத்தையும் அழி. ரெண்டும் முடியாதுன்னா ஜி கார்டை வெச்சுட்டுப் போ" என்றிருக்கிறார். வேலையில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட தாளில் "பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே உரியவை" என்று ஒரு வரி உண்டாம். எனக்குக் கருத்துச் சுதந்திரம் இல்லையா என்று கேட்கிறார். வீட்டுக்காரர் புனைபெயரில் எழுதச் சொல்கிறார். அப்புறம் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில்: கட்டுரை படித்துவிட்டு ஃபோன் செய்த மூன்று பேருக்குப் பேப்பர் பார்த்துச் சொன்னாராம். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் ஜிபேயில் வந்ததாம்.

அன்புள்ள சகோதரி,

அந்த ஐந்நூறு ரூபாயை நீங்கள் முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்களும் உங்கள் முதலாளியும் ஆளுக்கு ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள், இரண்டுமே தப்பான இடத்தில். என் நேரம், என் ஃபோன், அதனால் எல்லாம் என்னுடையது என்பது உங்கள் கோடு. என் ஆபீஸில் கற்றது, அதனால் எல்லாம் என்னுடையது என்பது அவருடையது. சட்டம் கேட்பது வேறு. இது உங்கள் வேலையின் பகுதியாக உருவானதா? இதில் உள்ள விவரம் யார் ஃபைலிலிருந்து வந்தது? இந்த இரண்டு கேள்விகளை உங்கள் கட்டுரைகள் ஒவ்வொன்றிடமும் கேட்டுப் பார்த்தால் பாதிக்குழப்பம் தீர்ந்துவிடும்.

எழுத்து யாருடையது?

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17. எழுதியவரே முதல் உரிமையாளர் என்பது பொது விதி. அதற்கு விதிவிலக்கு, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அந்த வேலையின் போக்கில் உருவாக்கியது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அது முதலாளிக்குப் போகும். "வேலையின் போக்கில்" என்பதற்குக் கடிகாரம் மட்டும் அளவுகோல் கிடையாது. எதற்காக உங்களுக்குச் சம்பளம் என்பதுதான் முக்கியம்.

அந்தச் செக்லிஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வீடு, உங்கள் லேப்டாப். ஆனாலும் அது ஆபீஸ் வேலைக்காக, ஆபீஸ் ஃபைல்களுக்காகச் செய்தது. அது கம்பெனியுடையது என்று முதலாளி சொன்னால் நான் எதிர்வாதம் செய்ய மாட்டேன். எச்.எஸ். கோடு பற்றிய கட்டுரையை ஒரு நாள் மதிய இடைவேளையில் ஆபீஸ் மேசையிலேயே எழுதியிருந்தாலும், அது உங்களுடையது என்று சொல்ல நல்ல காரணம் இருக்கிறது. கட்டுரை எழுதவா உங்களை வேலைக்கு வைத்தார்கள்? பில் ஆஃப் என்ட்ரி போட வைத்தார்கள். (இதனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுதலாம் என்று அர்த்தமில்லை. எழுதினால் நீங்கள் ஜெயிக்க வேண்டிய வழக்கு இழுபறி ஆகும். மெட்ரோவிலேயே எழுதுங்கள்.)

"இங்கே கற்றுக்கொண்டது கம்பெனியுடையது" என்பது கோபத்தில் வந்த பேச்சு. ஏழு வருடத்தில் கைக்கு வந்த தொழில் உங்களோடு வரும். தொழிலாளியின் பொதுவான திறமையையும் அனுபவத்தையும் எந்த முதலாளியும் பூட்டி வைக்க முடியாது. பூட்டி வைக்கக்கூடியது ரகசியத் தகவலைத்தான்: எந்தப் பார்ட்டி, என்ன விலை, என்ன சரக்கு, ஆபீஸ் என்ன கட்டணம் வாங்குகிறது.

நீங்கள் கையெழுத்திட்ட அந்த வரி? கண்மூடித்தனமாகப் பயப்பட வேண்டாம், கண்டுகொள்ளாமலும் விட வேண்டாம். இனி எழுதப்போகும் எழுத்தின் உரிமையையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம் என்று பிரிவு 18 அனுமதிக்கிறது. ஆனால் பிரிவு 19இன்படி அது எழுத்தில், கையெழுத்தோடு, எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை என்று குறிப்பிட்டு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான் என்றும் அதே பிரிவு சொல்கிறது. "அனைத்தும்" என்ற ஒற்றைச் சொல், வேலைக்குச் சம்பந்தமில்லாத உங்கள் கட்டுரைகளையும் வாரிக்கொண்டு போகுமா என்பது வாதிடக்கூடிய கேள்வி. வாதிடக்கூடியது என்றால், இரண்டு பக்கமும் வக்கீல் ஃபீஸ் கட்ட வேண்டியது என்று பொருள். அதனால் அந்தத் தாளை வைத்து நீதிமன்றப் படி ஏறுவதைவிட, அதற்கு ஒரு விளக்கக் கடிதம் வாங்குவது புத்திசாலித்தனம். உரிமை யாருடையதாக இருந்தாலும், எழுதியவர் நீங்கள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை பிரிவு 57இன்படி உங்களிடமே இருக்கும்.

ஆகவே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டாம். அது உங்கள் சொந்தக் கணக்கு. அதே பாஸ்வேர்டில் உங்கள் மெயிலும் திறக்கும் என்றால் கேட்கவே வேண்டாம்.

பெயரை மறைத்துவிட்டால் போதுமா?

நீங்கள் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடம் இது. முதலாளிகூட இதைச் சொல்லவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்.

சுங்கச் சட்டத்தில் 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டம் மூலம் 135ஏஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சுங்கத்தில் தாக்கல் செய்த ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்கின் மதிப்பு, வகைப்பாடு, அளவு, அல்லது ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர் பற்றிய விவரம், இவற்றைச் சட்டம் கேட்காதபோது வெளியிடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதில் உள்ள "அல்லது"களைக் கவனியுங்கள். பெயர் போட்டால்தான் குற்றம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. மதிப்பு மட்டும் போட்டாலும் சிக்கல், எண்ணிக்கை மட்டும் போட்டாலும் சிக்கல். உங்கள் பொம்மைக் கட்டுரையில் மதிப்பு, வகைப்பாடு, அளவு மூன்றுமே இருக்கின்றன.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நீங்கள் தரவு விற்கவில்லை, யாரையும் கெடுக்க நினைக்கவில்லை. ஆனால் "பார்ட்டி பெயரை மறைத்துவிட்டேன், அதனால் தப்பில்லை" என்ற வரியை முதலாளியிடமோ வேறு யாரிடமோ எழுத்தில் சொல்லிவிடாதீர்கள். அது உங்களுக்கு எதிரான ஒப்புதலாக மாறும். நடைமுறையிலும் பெயரை மறைப்பது நம்மூரில் எடுபடாது. ஒரு கன்டெய்னர் மாட்டினால் தம்பு செட்டித் தெரு டீக்கடை வரை தெரிந்துவிடும். பார்ட்டிக்குத் தன் சரக்கு தெரியாதா?

அதே கட்டுரையை எப்படி எழுதியிருக்கலாம்? பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020இல் வந்து 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மை என்றால் ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும். அதற்கான உரிமத்தை எடுக்க வேண்டியவர் வெளிநாட்டில் உள்ள தயாரிப்பாளர். இங்கே இறக்குமதி செய்பவர் கடைசி நேரத்தில் ஓடி வாங்கிவிட முடியாது. பொம்மைகள் பொதுவாக 9503 என்ற எச்.எஸ். தலைப்பில் வரும் என்பது சுங்கக் கட்டணப் பட்டியலை யார் புரட்டினாலும் தெரியும். இத்தனையும் அரசு வெளியிட்ட தாள்களில் இருப்பவை. ஒரு ஃபைலையும் திறக்காமல் இதை எழுதலாம், புதிதாகத் தொழிலுக்கு வருகிறவருக்கு இதுதான் தேவையும்கூட. அந்தக் கன்டெய்னரில் எத்தனை பெட்டி இருந்தது என்பதால் அவருக்கு என்ன லாபம்?

உதாரணம் சொல்லாமல் எழுதினால் உப்புச் சப்பில்லாமல் போகும் என்பீர்கள். சரிதான். உதாரணத்தைக் கற்பனை செய்யுங்கள், கற்பனை என்று சொல்லியும் விடுங்கள். உங்கள் கடிதத்தைச் சுருக்கும்போது நானும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாற்றிய பிறகும் சட்டக் கேள்வி அப்படியே நிற்கிறது இல்லையா?

துறைமுகத்துக்குள்ளும் சிஎஃப்எஸ்ஸுக்குள்ளும் எடுத்த படங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள். பின்னணியில் தெரியும் கன்டெய்னர் எண் ஒன்று போதும்.

அந்த ஐந்நூறு ரூபாய்

எழுதுவது ஒன்று, எழுதியதைப் பார்த்து வருபவரிடம் காசு வாங்குவது வேறொன்று. முதலாவதில் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. இரண்டாவதில் முதலாளி பக்கம்.

அந்த மூன்று பேரும் உங்கள் ஆபீஸுக்கு வந்திருக்கக்கூடிய பார்ட்டிகள். பேப்பர் பார்த்துச் சொல்வது ஆபீஸ் செய்கிற தொழிலின் ஒரு பகுதி. வேலையில் இருந்துகொண்டே முதலாளியின் தொழிலுக்குப் போட்டியாகச் சம்பாதிப்பதைத் தடை செய்யும் ஒப்பந்தம் செல்லும் என்று 1967இலேயே, நிரஞ்சன் சங்கர் கோலிகாரி வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிற ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 27, வேலையை விட்ட பிறகுதான் உங்களுக்குக் கைகொடுக்கும். அதோடு, சுங்க நிலையத்தில் தரகர் தொழில் நடத்த உரிமம் வேண்டும் என்கிறது சுங்கச் சட்டம் பிரிவு 146. நீங்கள் ஆலோசனை சொன்னீர்களே தவிரத் தாக்கல் எதுவும் செய்யவில்லை, அதனால் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை என்பது என் கருத்து. ஆனால் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்கள்.

இன்றோடு நிறுத்துங்கள். இனி யாராவது ஃபோன் செய்தால், "தனிப்பட்ட ஆலோசனை சொல்வதில்லை, உரிமம் உள்ள ஒரு கிளியரிங் ஏஜென்டைப் பாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பக்கத்திலிருந்து ஃபோன் எண்ணையும் எடுத்துவிடுங்கள். நானும் இதே கயிற்றின் மேல்தான் நடக்கிறேன். வழக்கறிஞர் விளம்பரம் செய்து வழக்குப் பிடிக்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி 36. இந்தப் பத்தியின் கீழே என் முகவரி இல்லாததற்குக் காரணம் அடக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள்!

வாங்கிய பணத்தை முதலாளியிடம் சொல்ல வேண்டுமா? அவர் கேட்டால் மறைக்காதீர்கள். கேட்காதபோது நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தவில்லை. ஆனால் ஜிபே கணக்கு பேசும். வேலையில் தொடர விருப்பம் இருந்தால், நீங்களே சொல்லி "இனி இல்லை" என்று முடிப்பது நல்லது என்பேன். இதில் உங்கள் மனசாட்சியும் உங்கள் முதலாளியின் குணமும் எனக்குத் தெரியாது, முடிவு உங்களுடையது.

அவர் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்?

2018ஆம் ஆண்டின் சுங்கத் தரகர் உரிம ஒழுங்குமுறைகளில் 13ஆவது விதியைப் படித்துப் பாருங்கள், தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். ஊழியரின் நடத்தையைக் கண்காணிப்பது தரகரின் கடமை, வேலைக்காலத்தில் ஊழியர் செய்ததற்கும் செய்யத் தவறியதற்கும் தரகரே பொறுப்பு. உங்கள் பக்கத்தின் தலையில் அவர் கம்பெனி பெயரைப் பார்க்கும் எவரும், இது கம்பெனி சொல்வது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு பார்ட்டி கையை விட்டுப் போவது அவர் கவலையில் பாதி. மீதிப் பாதி உரிமம்.

"சொந்தக் கருத்துகள்" என்ற வரி இதை ஓரளவு சமாளிக்கும், முழுதாக அல்ல. மேலே கம்பெனி பெயரையும் ஜி கார்டையும் போட்டுவிட்டு, கீழே எனக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்றால் எந்தக் கண் நம்பும்? ரகசியத் தகவல் வெளியானதை அந்த வரி எந்த வகையிலும் காப்பாற்றாது. நீங்கள் எழுதிய கருத்துச் சுதந்திர வாதத்தையும் ஓரமாக வையுங்கள். அந்த உரிமையைத் தனியாருக்கு எதிராகவும் எழுப்பலாம் என்று 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மை சொன்னது உண்மை. ஆனால் ஆபீஸ் ரகசியங்களைக் காக்க வேண்டிய உங்கள் கடமையின் முன்னால் அதை நம்பி நிற்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இன்னொரு பக்கம், அவருடைய மிரட்டலுக்கும் எல்லை உண்டு. ஜி கார்டு அவர் கொடுத்தது அல்ல, சுங்கத்துறை கொடுத்தது. நீங்கள் தேர்வில் தேறியதை அவர் அழிக்க முடியாது. வேலையை விட்டு நீக்குவதாக இருந்தாலும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41 குறுக்கே நிற்கும். தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் நிறுத்த முடியாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நிறுத்துவதானால் முறையான விசாரணை வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. நிர்வாகப் பதவியில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அதனால் உங்கள் நியமனக் கடிதத்தில் பதவி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். "மேனேஜர்" என்று சும்மா அழகுக்குப் போட்டிருந்தாலும், நீங்கள் உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதுதான் கணக்கு.

இப்போது என்ன செய்வது?

முதலில், எதையும் அழிக்காதீர்கள். அழித்தால் மறைத்தது போல ஆகும், எந்தக் கட்டுரையை எந்தத் தேதியில் எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்ற சான்றும் போய்விடும். எல்லாவற்றையும் ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பிறகு பொம்மைக் கட்டுரை, செக்லிஸ்ட், ஃபைலிலிருந்து எண் எடுத்த வேறு ஏதாவது, இவற்றை இன்று இரவே பார்வையிலிருந்து எடுத்து டிராஃப்டில் போடுங்கள். மற்றவை இருக்கட்டும். கம்பெனி பெயரையும் ஜி கார்டையும் முகப்பிலிருந்து எடுங்கள். "இறக்குமதி, ஏற்றுமதித் துறையில் வேலை பார்ப்பவர்" என்றால் போதும்.

அப்புறம் முதலாளிக்கு ஒரு கடிதம், வாய்ப்பேச்சு வேண்டாம். நீளமாகவும் வேண்டாம். இந்த அளவுக்கு:

"சார், நீங்கள் சுட்டிக்காட்டிய கட்டுரையையும் அலுவலகச் செக்லிஸ்ட்டையும் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். நம் நிறுவனத்தின் பெயரும் இனி என் பக்கத்தில் இருக்காது. வாடிக்கையாளர், சரக்கு, கட்டணம் பற்றிய எந்த விவரத்தையும் எழுத மாட்டேன். அரசு வெளியிட்ட சட்டங்கள், அறிவிப்புகளைத் தமிழில் விளக்கும் கட்டுரைகளை மட்டும், வேலை நேரத்துக்கு வெளியே, என் சொந்தப் பொறுப்பில் தொடர விரும்புகிறேன். நியமனக் கடிதத்தில் உள்ள நிபந்தனை இவற்றுக்குப் பொருந்தாது என்று எழுத்தில் உறுதி அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

"சுட்டிக்காட்டிய" என்ற சொல்லை மாற்றிவிடாதீர்கள். தப்பு செய்தேன் என்றும் எழுத வேண்டாம், செய்யவில்லை என்றும் எழுத வேண்டாம். மெயிலில் அனுப்புங்கள், அனுப்பியதன் பிரதி உங்கள் சொந்த மெயிலில் இருக்கட்டும். அவர் சம்மதித்தால் அந்தப் பதில் உங்களுக்குத் தங்கம். மறுத்தால், அந்த நியமனக் கடிதத்தையும் அவர் பதிலையும் எடுத்துக்கொண்டு நேரில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆர்மேனியன் தெருவிலும் லிங்கி செட்டித் தெருவிலும் தேடவே வேண்டாம், மாடிக்கு மாடி இருக்கிறோம்.

வீட்டுக்காரர் சொன்ன புனைபெயர் யோசனை எனக்கு ஒப்பவில்லை. முதலாளிக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. இப்போது பெயரை மாற்றினால் ஒளிகிறீர்கள் என்றுதான் படும். ஃபைலில் இருப்பதை எழுதினால் எந்தப் பெயரில் எழுதினாலும் 135ஏஏ 135ஏஏதான். அரசிதழில் இருப்பதை எழுதுவதற்கு எதற்கு முகமூடி? ஏழு வருட அனுபவத்தோடு ஒரு பெண் தன் பெயரில் சுங்கச் சட்டத்தைத் தமிழில் விளக்குகிறார் என்பது நாளை நீங்களே உரிமத் தேர்வு எழுதி ஆபீஸ் போடும் நாளில் எவ்வளவு உதவும் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். அந்தப் பொம்மைக் கட்டுரையை மறுபடி எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.